திரையில் மேதை, ஸ்டேஷனில் கோப்பு



சினிமாவிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் வரும் தொடர் கொலையாளி எவ்வளவு தூரம் நிஜம் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே வரியில் பதில் கேட்டால், கொலையை நன்றாகவே காட்டுகிறார்கள் என்பேன். ஒப்பனைக் கலைஞரிலிருந்து ஒலிப்பதிவாளர் வரை எல்லோரும் அதில் கை தேர்ந்துவிட்டார்கள். முதல் கொலைக்கும் பத்தாவது கொலைக்கும் நடுவே அந்த ஆள் ஏன் பிடிபடவில்லை என்ற இடம் வரும்போதுதான் நமக்குக் கதை விடுகிறார்கள். இன்று அந்த இடத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

படங்கள் சொல்லும் காரணம் நமக்கெல்லாம் மனப்பாடம். கொலையாளி மகா கெட்டிக்காரன். போலீஸைவிட எப்போதும் இரண்டடி முன்னால் நடப்பவன். வேண்டுமென்றே தடயம் விட்டு விளையாடுபவன். இந்த வார்ப்புக்கு உச்சம் 1991-ல் வந்த 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்'. ஹன்னிபால் லெக்டராக வரும் ஆன்டனி ஹாப்கின்ஸ் திரையில் இருப்பது அரை மணி நேரத்துக்கும் குறைவு. ஆனாலும் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் அவருக்குத்தான். லெக்டர் மனநல மருத்துவர், சங்கீத ரசிகர், சாப்பாட்டில் நாக்கு நீண்டவர். எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் பேச்சையும் செருப்பையும் வைத்தே அவள் பூர்வீகத்தைச் சொல்லிவிடுவார். அந்தப் படத்துக்குப் பிறகு வந்த பாதிக் கொலையாளிகள் லெக்டரின் ஒன்றுவிட்ட தம்பிகள்.

அதே படத்தின் இன்னொரு கொலையாளியான பஃபலோ பில்லுக்கு நிஜத்தில் ஒரு வேர் உண்டு. விஸ்கான்சின் மாநிலத்தில் ப்ளெய்ன்ஃபீல்டு என்ற சிற்றூரில் வாழ்ந்த எட் கீன் 1957-ல் கைதானார். அவர் கொன்றதாகத் தெரிய வந்தது இரண்டு பெண்களை. அதற்கு மேல் கல்லறைகளைத் தோண்டிப் பிணங்களையும் எடுத்துவந்திருந்தார். நீதிமன்றம் அவரை மனநோயாளி என்று தீர்மானித்தது. மருத்துவமனையிலேயே இறந்துபோனார். இந்த ஒருவரிடமிருந்துதான் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ', 'தி டெக்சஸ் செயின் சா மாஸக்கர்', பஃபலோ பில் மூன்றுமே கிளைத்தன. அபூர்வமான ஒரு வழக்கை எடுத்து, இதுதான் மாதிரி என்று மூன்று தலைமுறைக்கு விற்றாயிற்று.

மாதிரிக்கு ஆள் வேண்டுமென்றால் கேரி ரிட்ஜ்வேயை எடுத்துக்கொள்ளலாம். சியாட்டில் பக்கம் லாரி தொழிற்சாலையில் பெயின்ட் அடித்தவர். கல்யாணம் செய்துகொண்டு குடித்தனம் நடத்தியவர். 49 கொலைகளுக்குத் தண்டனை பெற்றவர். 1980-களின் தொடக்கத்திலேயே போலீஸின் சந்தேகப் பட்டியலில் இருந்தார். 1984-ல் பொய் கண்டறியும் சோதனை வைத்தார்கள், தேறிவிட்டார். 1987-ல் எச்சில் மாதிரி எடுத்து வைத்தார்கள். அதைப் பரிசோதிக்கும் மரபணுத் தொழில்நுட்பம் வந்து அவரைக் காட்டிக்கொடுக்க 2001 ஆயிற்று. இதில் எங்கே மேதைமை? கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் பாலியல் தொழில் செய்தவர்கள், வீட்டை விட்டு ஓடிவந்த சிறுமிகள். காணவில்லை என்று புகார் கொடுக்கவே பலருக்கு ஆளில்லை.

2005-ல் எஃப்.பி.ஐ. பல துறை நிபுணர்களை டெக்சஸில் கூட்டிப் பேசியது. 2008-ல் அதன் அறிக்கை வந்தது. தொடர் கொலையாளிகள் எல்லோரும் ஒண்டிக்கட்டைகள், வெள்ளைக்காரர்கள், பைத்தியங்கள் அல்லது மேதைகள், கொலையை நிறுத்த முடியாதவர்கள், உள்ளூரப் பிடிபட ஆசைப்படுகிறவர்கள் என்று ஜனங்கள் நம்புவதை ஒவ்வொன்றாக எடுத்து, கட்டுக்கதை என்று தள்ளியது. ஓர் ஆண்டில் நடக்கும் கொலைகளில் இந்த வகை நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது என்றும் சொன்னது. ஓடிடி தளத்தின் முகப்பைத் திறந்து பார்க்கிற யாரும் அதை நம்பமாட்டார்கள்.

அதே எஃப்.பி.ஐ.க்கும் இந்தக் கற்பனையில் பங்குண்டு. அதன் நடத்தை அறிவியல் பிரிவைச் சேர்ந்த ஜான் டக்ளஸ், ராபர்ட் ரெஸ்லர் போன்றவர்கள் சிறையிலிருந்த 36 கொலையாளிகளைப் பேட்டி கண்டு, திட்டமிட்டுக் கொல்பவன், திட்டமில்லாமல் கொல்பவன் என்று இரண்டு வகை பிரித்தார்கள். சினிமாவுக்கு அது அல்வா மாதிரி கிடைத்தது. பிணத்தைப் பார்த்த மாத்திரத்தில் 'வயது முப்பதிலிருந்து முப்பத்தைந்து, அம்மாவோடு வசிக்கிறான்' என்று சொல்லும் அதிகாரி பிறந்தது அப்படித்தான். 2004-ல் டேவிட் கான்டர் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் தம் குழுவோடு 100 கொலைகளின் விவரங்களை எடுத்து அந்த இரண்டு வகையும் நிற்கிறதா என்று அலசினார். நிற்கவில்லை. 'மைண்ட்ஹன்டர்' தொடர் அந்தப் பேட்டிகளை வைத்து எடுக்கப்பட்டதுதான். ஆனாலும் அதில் எனக்குப் பிடித்தவை பேட்டிக் காட்சிகள் அல்ல. சில அத்தியாயங்களின் தொடக்கத்தில் கான்சஸில் மீசை வைத்த ஓர் ஆள் வருவான். வீடுகளுக்குத் திருட்டு அலாரம் பொருத்தும் கம்பெனியில் வேலை. டேப் சுருளை எடுத்து எண்ணிப் பார்ப்பான், சக ஊழியரிடம் சிடுசிடுப்பான். அவ்வளவுதான். அந்த ஆளைக் கதாநாயகர்கள் கடைசிவரை சந்திப்பதே இல்லை.

அவன் டென்னிஸ் ரேடர். 10 பேரைக் கொன்றவன். தேவாலய நிர்வாகக் குழுவின் தலைவர் பதவியும் வகித்தவன். 1991-க்குப் பிறகு கொலையை நிறுத்திவிட்டு வீடு, பிள்ளைகள், வேலை என்று இருந்தான். 2004-ல் பழைய பெருமையை நினைத்துக்கொண்டு பத்திரிகைகளுக்கும் போலீஸுக்கும் மறுபடி எழுத ஆரம்பித்தான். ஃபிளாப்பி டிஸ்கில் அனுப்பினால் நான் யாரென்று கண்டுபிடிக்க முடியுமா என்று போலீஸிடமே கேட்டான். முடியாது, தைரியமாக அனுப்பு என்ற பொருளில் அவர்கள் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். அனுப்பினான். அழித்த கோப்பில் தேவாலயத்தின் பெயரும் 'டென்னிஸ்' என்ற பெயரும் இருந்தன. 2005 பிப்ரவரியில் கதை முடிந்தது. இதை ஒரு திரைக்கதையாசிரியர் எழுதிக்கொண்டு போனால், வில்லன் இவ்வளவு மண்டூகமாக இருக்கக் கூடாது சார் என்று தயாரிப்பாளர் திருப்பி அனுப்பிவிடுவார்.

இந்த மேதைக் கற்பனை திரையோடு நின்றால் நமக்குப் பாதகமில்லை. போலீஸின் தலைக்குள்ளும் அது ஏறிவிடுகிறது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பீட்டர் சட்க்ளிஃப் 1975-க்கும் 1980-க்கும் இடையில் 13 பெண்களைக் கொன்றார். தொழில் லாரி ஓட்டுவது. போலீஸ் அவரை ஒன்பது தடவை விசாரித்து ஒன்பது தடவையும் விட்டுவிட்டது. விசாரணை விவரமெல்லாம் கையால் எழுதிய அட்டைகளில் இருந்தது. லீட்ஸ் காவல் நிலையத்தில் அந்தக் காகிதங்களின் கனம் தாங்காமல் தளத்தையே பலப்படுத்த வேண்டியிருந்தது. ஓர் அட்டையில் இருந்தது இன்னோர் அட்டைக்குத் தெரியாது. அந்தச் சமயத்தில் 1979-ல் ஒரு ஒலிநாடா வந்து சேர்ந்தது. நான்தான் அந்தக் கொலையாளி, உங்களால் என்னைப் பிடிக்க முடியவில்லையே என்று நையாண்டி செய்யும் குரல். படத்தில் வருகிற வில்லன் பேசுவதுபோலவே பேசியதால் நம்பிவிட்டார்கள். குரலில் வடகிழக்குப் பேச்சுவாடை அடித்தது. அந்த வாடை இல்லாதவர்களைச் சந்தேகப் பட்டியலிலிருந்து கழித்துக்கட்டினார்கள். பிராட்ஃபோர்டுக்காரரான சட்க்ளிஃபும் அதனால் தப்பித்தார். கடைசியில் 1981 ஜனவரியில் ஷெஃபீல்டில் ரோந்துப் போலீஸார் போலி நம்பர் பிளேட் மாட்டிய ஒரு காரை நிறுத்தினார்கள். உள்ளே இருந்தவர் அவர்தான். நாடாவை அனுப்பியவர் வெறும் புரளிக்காரர் என்பது 2006-ல் நீதிமன்றத்தில் உறுதியாயிற்று.

இதற்கு நடுவே, செத்தவர்கள் 'அந்த மாதிரிப் பெண்கள்' என்று போலீஸும் பத்திரிகைகளும் எழுதிக்கொண்டிருந்தன. பாலியல் தொழிலில் இல்லாத ஒரு பெண் செத்த பிறகுதான் 'அப்பாவி' என்ற சொல் வெளியே வந்தது. அப்படிப் பேசியதற்காக 2020-ல் யார்க்‌ஷயர் போலீஸ் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டது. 2023-ல் வந்த 'தி லாங் ஷேடோ' என்ற தொடர் கொலையாளியை ஓரங்கட்டிவிட்டு அந்தப் பெண்களின் வீடுகளுக்குள் போகிறது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொண்டு பாருங்கள்.

இனி நம் பக்கத்து மாநிலத்துக்கு வருவோம். மங்களூர்ப் பக்கத்து மோகன்குமார் தொடக்கப் பள்ளி ஆசிரியர். 20 பெண்களைக் கொன்றதாக நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன. 2003-லிருந்து 2009 வரை. அவர் செய்த விதம் இதுதான். வரதட்சணை கொடுக்க வழியில்லாமல் கல்யாணம் தள்ளிப்போன பெண்ணாகப் பார்ப்பார். உன் ஜாதிதான் நானும், வரதட்சணை வேண்டாம் என்பார். நகையைப் போட்டுக்கொண்டு வரச்சொல்லி வெளியூருக்கு அழைத்துப்போய் பஸ் ஸ்டாண்டு அருகே லாட்ஜில் அறை எடுப்பார். மறுநாள் காலை, நகையைக் கழற்றி அறையிலேயே வைத்துவிட்டு வா என்று பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போவார். கர்ப்பம் தங்காமல் இருக்க ஒரு மாத்திரை கொடுப்பார். போட்டால் குமட்டும், கழிப்பறைக்குள் போய்ப் போட்டுக்கொள் என்பார். மாத்திரையில் சயனைடு. பெண் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். அவர் லாட்ஜுக்குத் திரும்பி நகையை எடுத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்வார்.

இப்போது அந்தக் கழிப்பறைக் கதவுக்கு வெளியே நிற்கும் கான்ஸ்டபிளை நினைத்துப் பாருங்கள். கதவு உள்பக்கம் தாழிட்டிருக்கிறது. உடைத்துத் திறந்தால் பட்டுச் சேலை கட்டிய ஒரு பெண். மேலே காயமில்லை, கையில் பையில்லை, அடையாளச் சீட்டு இல்லை. தற்கொலை என்று தோன்றத்தான் செய்யும். இயற்கைக்கு மாறான மரணம் என்று வழக்குப் பதிந்து, சில நாள் பார்த்துவிட்டு, உரிமை கோர ஆளில்லாத பிணமாக அடக்கம் செய்துவிடுவார்கள். மைசூரில் ஒரே பஸ் ஸ்டாண்டில் எட்டுப் பேர் இப்படிச் செத்தார்கள். பெங்களூர் கெம்பேகவுடா பஸ் ஸ்டாண்டில் ஐந்து பேர். இங்கே பிணம் இருக்கிறது, பெயர் இல்லை. அந்தப் பெண்ணின் ஊர் ஸ்டேஷனிலோ பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. அங்கே காணாமல் போனவர் கேஸ். அதையும் பல வீடுகளில் கொடுக்கவில்லை. ஓடிப்போய்விட்டாள் என்று ஊர் பேசினால் தங்கைக்குக் கல்யாணம் நடக்காதே! இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு மேசையும் ஓர் ஆளும் போதும். ஆறு வருஷம் அந்த மேசை எங்கேயும் இல்லை.

பிடிபட்டதும் துப்பறியும் மேதைமையால் அல்ல. 2009-ல் பந்த்வால் அருகே ஓர் இளம்பெண் காணாமல் போனார். வேற்று மதத்துப் பையனோடு போய்விட்டார் என்று வதந்தி கிளம்பி, ஊர் திரண்டு ஸ்டேஷனை முற்றுகையிட்டது. நெருக்கடி தாங்காமல் போலீஸார் அந்தப் பெண்ணின் போன் அழைப்புப் பட்டியலை எடுத்தார்கள். அதிலிருந்த ஓர் எண் காணாமல் போன இன்னொரு பெண்ணுடையது. அவர் பட்டியலை எடுத்தால் அதில் வேறொரு காணாமல் போன பெண். அப்படியே போய்ப் போய் வாத்தியாரிடம் நின்றது. நீதிமன்றத்தில் அவர் வக்கீல் வைத்துக்கொள்ளாமல் தானே வாதாடினார். தண்டனைதான் மிஞ்சியது.

இந்த வழக்கின் சாயலில் 2023-ல் 'தஹாத்' என்ற இந்தித் தொடர் வந்தது. ரீமா காக்தியும் ஜோயா அக்தரும் கதையை ராஜஸ்தானுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். வாத்தியார் அதில் இந்திப் பேராசிரியர். விஜய் வர்மா அந்த வேஷத்தில் கண்ணை உருட்டுவதில்லை, குரலைத் தாழ்த்துவதில்லை. கழிப்பறையில் பெண்கள் சாகும் முறை அப்படியே இருக்கிறது. அதைவிட நான் மெச்சுவது வேறொன்று. தங்கையைக் காணோம் என்று ஒரு ஏழை அண்ணன் ஸ்டேஷனுக்கு நடையாய் நடக்கிறான். யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. முஸ்லிம் பையனோடு ஓடிவிட்டாள் என்று ஒரு பொய்யைச் சேர்த்துச் சொன்ன பிறகுதான் ஸ்டேஷனே எழுந்து உட்காருகிறது. விசாரிக்கும் பெண் சப்-இன்ஸ்பெக்டர் தாழ்த்தப்பட்ட சாதி. அவர் கடந்துபோகும்போதெல்லாம் உடன் வேலை செய்யும் ஒருவர் ஊதுபத்தி ஏற்றுகிறார். கொலையாளி எப்படி இத்தனை நாள் தப்பித்தான் என்பதற்கு அந்த ஊதுபத்தியும் ஒரு பதில்தான். கடைசி அத்தியாயங்களில் தொடர் துரத்தல், சவால் என்று வழக்கமான தடத்துக்குப் போய்விடுகிறது. அதற்கு மேல் அவர்களாலும் தாங்க முடியவில்லை போலும்.

தடம் மாறாமல் கடைசிவரை போன படம் என்றால் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்'. போங் ஜூன்-ஹோ 2003-ல் எடுத்தது. தென்கொரியாவின் ஹ்வாசோங் பகுதியில் 1986-லிருந்து 1991 வரை நடந்த பத்துக் கொலைகள்தான் கதை. படம் வந்தபோது கொலையாளி யாரென்று யாருக்கும் தெரியாது. அதில் தொடக்கத்தில் ஒரு வயல் காட்சி வரும். கொலை நடந்த இடம். அதிகாரிகள் வரப்பிலிருந்து ஒருவர் பின் ஒருவராக வழுக்கி விழுகிறார்கள், பொடிசுகள் குறுக்கே ஓடுகின்றன. மண்ணில் ஒரு காலடித் தடம் இருக்கிறது, அதை யாரும் மிதிக்காதீர்கள் என்று துப்பறிபவர் கத்திக்கொண்டிருக்கும்போதே ஒரு டிராக்டர் அதன்மேல் ஏறிப் போகிறது. சிரித்துவிடுவோம். அடுத்து என்ன செய்கிறார்? புத்தி மந்தமான ஒரு பையனைப் பிடித்து அடிக்கிறார். அவன் ஷூவை எடுத்துக்கொண்டு போய்த் தானே மண்ணில் தடம் பதிக்கிறார். கடைசியில், பல வருஷம் கழித்து, வேலையை விட்டுவிட்ட அதே ஆள் முதல் பிணம் கிடந்த வாய்க்காலைப் பார்க்க வருகிறார். சில நாள் முன்பு இன்னொருவரும் வந்து பார்த்தார், சாதாரணமான முகம் என்று ஒரு சிறுமி சொல்கிறாள். நடிகர் நேரே காமிராவைப் பார்க்கிறார். கொலையாளி திரையரங்கில் உட்கார்ந்திருந்தால் அவன் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று இயக்குநர் நினைத்தாராம்.

அவன் திரையரங்கில் இல்லை, சிறையில் இருந்தான். மனைவியின் தங்கையைக் கொன்றதற்காக 1994-லேயே உள்ளே போனவன். 2019-ல் மரபணு அவனைக் காட்டிக்கொடுத்தது. லீ சுன்-ஜே. 14 கொலைகளை ஒப்புக்கொண்டான். ஹ்வாசோங் வழக்கின் காலவரம்பு முடிந்துவிட்டதால் புதிதாகத் தண்டிக்கவும் முடியவில்லை. 2020-ல் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும்போது, படத்தைச் சிறையில் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை என்றான். எதையும் பெரிதாக மறைக்கவில்லை, சீக்கிரம் பிடிபடுவோம் என்றே நினைத்தேன். போலீஸார் எத்தனையோ தடவை எதிர்ப்பட்டார்கள், ஒவ்வொரு தடவையும் மற்றவர்களைப் பற்றித்தான் என்னிடம் விசாரித்தார்கள் என்றும் சொன்னான்.

அந்த வழக்கு விசாரணை நடந்ததே வேறொருவருக்காக. எட்டாவது கொலையைச் செய்ததாக 1989-ல் ஓர் இளைஞரைப் பிடித்தார்கள். போலியோவால் கால் பாதிக்கப்பட்டவர். தூங்கவிடாமல் வைத்து வாக்குமூலம் வாங்கினார்கள். ஏறத்தாழ 20 வருஷம் சிறையில் இருந்தார். போங்கின் படம் கொரியத் திரையரங்குகளில் நிறைந்து ஓடியபோது, போலீஸ் ஓர் அப்பாவியை அடித்து ஒப்புக்கொள்ள வைக்கும் காட்சியைப் பார்த்து ஜனங்கள் பதறியபோது, அவர் உள்ளேதான் இருந்தார். 2020 டிசம்பரில்தான் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது.

தமிழ்ப் படங்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் விடமாட்டீர்கள். 'சிகப்பு ரோஜாக்கள்', 'மூடுபனி' இரண்டையும் இன்றும் ரசித்துப் பார்ப்பேன். பாரதிராஜாவுக்கும் பாலு மகேந்திராவுக்கும் காமிரா எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும். ஆனால் இரண்டிலும் கொலைக்கான காரணம் சுற்றிச் சுற்றி ஏதோவொரு பெண்ணின் நடத்தையில் போய் நிற்கிறது. அன்றிலிருந்து நம் கொலையாளிகள் எல்லோருக்கும் ஃபிளாஷ்பேக் கட்டாயம் என்றாகிவிட்டது. 'ராட்சசன்' வந்த பிறகு அகால முதுமை நோயும் அசிங்கமான முகமும்கூடக் காரணப் பட்டியலில் சேர்ந்துகொண்டன. அந்த நோயோடு வாழ்கிற குழந்தைகளின் பெற்றோர் படத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? விறுவிறுப்பில் குறை சொல்ல முடியாத படம்தான், மறுக்கவில்லை. அதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? நாயகன் சினிமா இயக்குநராக ஆசைப்பட்டவன். சைக்கோ படத்துக்காகச் சேர்த்து வைத்த பத்திரிகைத் துணுக்குகளைக் கொண்டு, சப்-இன்ஸ்பெக்டரானதும் கொலையாளியைப் பிடிக்கிறான். யார்க்‌ஷயர்க்காரர்கள் ஒலிநாடாவை நம்பியதும் இதே வழியில்தான்.

நம் ஊர் நிஜம் எப்படி இருக்கும் என்பதற்கு ஆட்டோ சங்கரைப் பாருங்கள். ஆறு கொலைகளுக்காக 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டவர். திருவான்மியூரில் ஆட்டோ ஓட்டி, சாராயம் கடத்தி, விபசாரத் தொழிலில் பணம் பார்த்தவர். புதிர் எழுதி வைக்கவில்லை, சடங்கு எதுவும் இல்லை. தொழிலுக்கு இடைஞ்சலானவர்கள் தீர்க்கப்பட்டார்கள். யார் ஆதரவில் இது நடந்தது என்பதுதான் கேள்வி. சிறையில் அவர் எழுதிய சுயசரிதையில் அதிகாரிகளின் தொடர்பு பற்றி இருந்தது. 'நக்கீரன்' அதை வெளியிட முனைந்தபோது சிறைத்துறைத் தலைவரே தடுத்துக் கடிதம் எழுதினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வெளிவருமுன்பே தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை என்று 1994-ல் தீர்ப்பாயிற்று. சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிற வழக்கு. கொலையாளியின் குழந்தைப் பருவத்தைவிட அவன் போன் டைரிக்கு ஒரு ஃபிளாஷ்பேக் வைத்தால் தமிழில் இதுவரை எடுக்கப்படாத படம் கிடைக்கும்.

கடைசியாக, அண்மையில் வந்த ஓர் இந்திப் படம். நொய்டாவில் உள்ள நிதாரியில் 2006 டிசம்பரில் ஒரு பங்களாவின் பின்புறச் சாக்கடையில் குழந்தைகளின் எலும்புகள் கிடைத்தன. பிழைப்புத் தேடி வந்த கூலிக் குடும்பங்களின் பிள்ளைகள். பெற்றோர் நெடுநாளாகப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஸ்டேஷனில் கேட்பாரில்லை. 2024-ல் 'செக்டார் 36' அந்தச் சம்பவங்களின் சாயலில், பெயர்களை மாற்றி வெளிவந்தது. அதில் வீட்டு வேலைக்காரன் போலீஸ் அதிகாரியின் எதிரே உட்கார்ந்து, செய்ததையெல்லாம் நிதானமாக ஒப்புவிக்கும் நீண்ட காட்சிதான் உச்சம். விக்ராந்த் மாஸ்ஸி அபாரமாக நடித்திருக்கிறார். ஆனால் படம் வருவதற்கு ஏறத்தாழ ஒரு வருஷம் முன்பே, 2023 அக்டோபரில், அலகாபாத் உயர் நீதிமன்றம் நிஜ வேலைக்காரரைப் பெரும்பாலான வழக்குகளிலிருந்து விடுதலை செய்துவிட்டது. போலீஸ் காவலில் 60 நாள் வைத்திருந்து, சட்ட உதவியும் கொடுக்காமல் வாங்கிய வாக்குமூலத்தை நம்ப முடியாது என்றது, புலன்விசாரணையையும் கடுமையாகக் கண்டித்தது. 2025-ல் உச்ச நீதிமன்றமும் விடுதலையை உறுதி செய்தது. நீதிமன்றம் நம்பாத அந்த வாக்குமூலத்தைத்தான் நாம் வீட்டில் உட்கார்ந்து, என்ன நடிப்பு என்று வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். குழந்தைகளைக் கொன்றது யார் என்பதற்குச் சட்டப்படி இன்று விடை இல்லை.

நான் பேச வந்தது இவ்வளவுதான். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.